1833 மெகாஹெர்ட்ஸுக்கு 2500+ என்று பெயர்

இன்டெலின் பென்டியத்துக்குப் போட்டியாக ஏஎம்டி நிறுவனம் விற்ற அத்லான் எக்ஸ்பி 2500+ பிராசஸரின் உண்மையான கிளாக் ஸ்பீடு, அதாவது நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்ற கணக்கு, 1833 மெகாஹெர்ட்ஸ். பெட்டியில் 2500, கணக்கில் 1833. நடுவில் இருக்கும் அந்த 667-ஐ என்னவென்று சொல்வது என்பதில் என் மனம் நீண்ட நாள் ஒரு நிலையில் நின்றதில்லை. ஒரு சமயம் அது அப்பட்டமான ஏமாற்று வேலையாகத் தெரியும். இன்னொரு சமயம், அந்தக் காலத்துப் பிராசஸர் எண்களிலேயே ஓரளவு நேர்மையானது அதுதான் என்று தோன்றும். இன்று எண்கள் மாறிவிட்டன, குழப்பம் மாறவில்லை. 4.6 கிகாஹெர்ட்ஸ் என்று வாங்கியது ஏன் 4.1-ல் ஓடுகிறது என்று கேட்பவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். அதனால் பழைய கணக்கை ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நொடியில் பிராசஸர் முடிக்கும் வேலை என்பது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு வேலை, நொடிக்கு எத்தனை சுற்று என்ற இரண்டின் பெருக்கல். சின்னக் குடத்தில் வேகவேகமாக இறைப்பவரும் பெரிய குடத்தில் நிதானமாக இறைப்பவரும் ஒரே நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடலாம். மெகாஹெர்ட்ஸ் எண்ணுவது கை எத்தனை முறை போய் வந்தது என்பதை மட்டும். 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-ன் பைப்லைன், அதாவது ஒவ்வொரு கட்டளையும் படிப்படியாகக் கடந்துபோகும் வரிசை, 20 கட்டங்கள் கொண்டது. அத்லானில் முழு எண் கணக்குகளுக்கு 10 கட்டங்கள். கட்டங்களை நறுக்க நறுக்க ஒவ்வொன்றிலும் நடக்கும் வேலை குறையும், அதனால் கடிகாரத்தை விரட்டலாம். ஆனால் நிரல் இரண்டாகப் பிரியும் ஒரு கிளையில் எந்தப் பக்கம் போகும் என்ற ஊகம் தவறினால், பைப்லைனில் ஏறியிருந்த அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நீளம் கூடக்கூட அந்தத் தண்டனையும் கூடும். முதலில் வந்த 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, சில வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-இடமே தோற்றது இதனால்தான். இப்படிப்பட்ட சந்தையில் 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லானை "1.4" என்றே எழுதி விற்றால் அதன் உண்மையான திறன் யாருக்கும் தெரியாது. மாடல் எண் பிறந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் முயற்சி

இந்த யோசனை 2001-ல் புதிதாக வந்ததல்ல. 1996-லேயே சைரிக்ஸ் என்ற இன்னொரு சில்லு நிறுவனமும் ஏஎம்டியும் "பி-ரேட்டிங்" என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தன. சைரிக்ஸ் 6எக்ஸ்86 பி166+ ஓடியது 133 மெகாஹெர்ட்ஸில், பி200+ ஓடியது 150-ல். அலுவலக மென்பொருள்களை ஓட்டி அளக்கும் வின்ஸ்டோன் சோதனையில் எந்தப் பென்டியத்துக்கு ஈடாக நிற்கிறதோ, அதன் எண்ணைச் சூட்டினார்கள். அலுவலக வேலைக்கு அது பொய்யும் இல்லை. அதே ஆண்டில் குவேக் விளையாட்டு வந்தது. குவேக்கின் குறிமுறை பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதியை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு வகுத்தல் கணக்கு பின்னணியில் முடிந்துகொண்டிருக்க, அதே நேரத்தில் பிக்சல்களை வரைந்துகொண்டே போகும். சைரிக்ஸின் தசமக் கணக்குப் பகுதியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 166 என்ற பெயருடைய சில்லு, 166 பென்டியத்துக்கு வெகு தூரம் பின்னால் நின்றது. எந்த வேலையை வைத்து அளந்தார்களோ அந்த வேலைக்கு மட்டுமே அந்த எண் செல்லும். வாங்கியவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

பி200+ இன்னொரு வம்பையும் கொண்டுவந்தது. அதற்கு 75 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதை) தேவை. அன்றைய பல போர்டுகளில், கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐ பாதை அதில் சரிபாதி வேகத்தில் ஓடும். அதாவது 33-க்குப் பதில் 37.5. சில கார்டுகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இந்த 37.5 பின்னால் இன்னொரு முறை வரும்.

எண் நேராக இருந்த நாட்கள்

2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1500+ என்றால் 1333, 1600+ என்றால் 1400, 1700+ என்றால் 1467, 1800+ என்றால் 1533. ஒவ்வொரு நூறுக்கும் 66.67 மெகாஹெர்ட்ஸ். சூத்திரமாக எழுதினால், மெகாஹெர்ட்ஸை ஒன்றரையால் பெருக்கி 500-ஐக் கழித்தால் மாடல் எண் வந்துவிடும். 1733-ஐப் போட்டால் 2100 வரும், 2100+ சரியாக அதுதான். 1800-ஐப் போட்டால் 2200, அதுவும் சரி. தண்டர்பேர்டு என்ற முந்தைய வகை அத்லானோடு ஒப்பிட்டுத் தந்த எண் இது என்பது ஏஎம்டியின் அதிகாரபூர்வமான விளக்கம். வாங்கியவர்கள் எல்லோரும் பென்டியம் 4-ஐத்தான் நினைத்துக்கொண்டார்கள், நினைக்கட்டும் என்றுதான் விட்டார்கள். ஆனாலும் அந்த முதல் வரிசை தன் பெயருக்குக் குறையாமல் ஓடியது. 1800+ சில்லு 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐப் பல வேலைகளில் தாண்டியே போனது. அந்தக் கட்டத்தில் பெட்டியில் எழுதிய எண், மெகாஹெர்ட்ஸைவிட அதிகமாக உண்மை பேசியது என்பேன்.

பிறகு சூத்திரம் நெகிழத் தொடங்கியது. 2500+ சேர்ந்த பார்ட்டன் வகையில், சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்2 கேஷ் 256-லிருந்து 512 கிலோபைட்டாக இரட்டித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு எவ்வளவு மதிப்பெண்? பார்ட்டனுக்கு முந்தைய தரோபிரெட் வகையின் 2700+, பார்ட்டன் 3000+ இரண்டும் 2167 மெகாஹெர்ட்ஸ், இரண்டுக்கும் ஒரே 166 பஸ். வித்தியாசம் கேஷ் மட்டும், அதற்கு 300 புள்ளிகள். பழைய சூத்திரப்படி அது 200 மெகாஹெர்ட்ஸுக்குச் சமம். கேஷுக்குள் அடங்கும் தரவுள்ள வேலையில் ஓரளவு அது பலிக்கும். வீடியோ மாற்றும் வேலையிலோ, ஓரமாக ஓடும் சாதாரணக் கணக்கிலோ அதில் பாதிகூடக் கிடைக்காது. 2600+ கதை இன்னும் மோசம். 2133 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 2083-ல் ஒன்று, பார்ட்டனாக 1917-ல் ஒன்று. ஒரே பெயரில் மூன்று சில்லுகள், பஸ் வேகமும் கேஷும் வேறு வேறு. கடையில் "2600+ கொடுங்கள்" என்று கேட்டவருக்கு எது கையில் வரும் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். 2003 மே மாதம் வந்த 3200+ ஓடியது 2200 மெகாஹெர்ட்ஸில். பழைய சூத்திரத்தில் அது 2800. எதிரில் இருந்த பென்டியம் 4 அதற்குள் 800 பஸ்ஸும் ஹைப்பர் த்ரெடிங்கும் (ஒரே சில்லில் இரண்டு வேலைத் தொடர்களை ஓட்டும் வசதி) பெற்று வளர்ந்திருந்தது. 3200 என்ற எண்ணுக்கு அந்தச் சில்லால் பெரும்பாலான வேலைகளில் ஈடுகொடுக்க முடியவில்லை. என் கணக்கில், நேர்மை முடிந்த இடம் இதுதான். எண்ணைச் சூட்டியதில் குற்றமில்லை. எதிராளி நகர நகர, அளவுகோலை அறிவிக்காமலே கூட நகர்த்தியதுதான் குற்றம்.

ஒரே ஒரு எழுத்து

இனி நான் சொல்ல வந்த இடம். பார்ட்டன் 2500+ சில்லின் மேல் ஒரு குறியீடு இருக்கும்: "ஏஎக்ஸ்டிஏ 2500 டி கே வி 4 டி". முதல் நாலு எழுத்து இது டெஸ்க்டாப் அத்லான் எக்ஸ்பி என்று சொல்கிறது. 2500 மாடல் எண். அடுத்த "டி" அடிப்பலகை வகை. "கே" என்றால் 1.65 வோல்ட். "வி" என்றால் சில்லின் உச்ச வெப்பம் 85 டிகிரி. "4" என்றால் 512 கிலோபைட் எல்2. கடைசி "டி" 166 மெகாஹெர்ட்ஸ் பஸ், விளம்பரத்தில் அதை இரட்டித்து 333 என்பார்கள். இப்போது 3200+ சில்லின் குறியீடு: "ஏஎக்ஸ்டிஏ 3200 டி கே வி 4 இ". அதே அடிப்பலகை, அதே வோல்ட்டேஜ், அதே வெப்ப எல்லை, அதே கேஷ். பெயரை விட்டால் மாறியிருப்பது கடைசி எழுத்து ஒன்றே. "இ" என்றால் 200 மெகாஹெர்ட்ஸ் பஸ், விளம்பரத்தில் 400. கிளாக் ஸ்பீடு இந்தக் குறியீட்டில் எங்கேயும் இல்லை.

இரண்டு சில்லுக்கும் மல்டிபிளையர், அதாவது பஸ் வேகத்தைப் பெருக்கும் எண், 11. 11 × 166.67 = 1833. 11 × 200 = 2200. கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலான பயாஸில், எஃப்எஸ்பி என்ற பஸ் வேக வரியில் 166-ஐ 200 ஆக்கி, சேமித்து மறுபடி இயக்கினால், திரையில் "அத்லான் எக்ஸ்பி 3200+" என்றே வரும். அந்தப் பெயரைச் சில்லு சொல்வதில்லை. வேகத்தையும் கேஷையும் பார்த்துப் பயாஸ்தான் எழுதி வைக்கிறது. பெரும்பாலான 2500+ சில்லுகள் இதைச் சாதாரணக் காற்றுக் கூலரோடு, வோல்ட்டேஜ் கூட்டாமலே தாங்கின. ஒரே வேஃபரிலிருந்து (சிலிக்கான் தட்டு) வெட்டிய சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும்போது, மேல்தரம் தேவைக்கு மேல் கிடைத்தால் மிச்சத்தையும் கீழ்த்தர எண் ஒட்டித்தான் விற்பார்கள். விலைப் பட்டியலில் எல்லாப் படியும் நிரம்ப வேண்டுமே. அதாவது 2500 என்ற எண்ணில் கொஞ்சம் செயல்திறன் இருந்தது, மீதி விற்பனைத் தீர்மானம். 2003 கடைசியில் ஏஎம்டி மல்டிபிளையரைப் பூட்டிய பிறகும் இந்த வழி திறந்தே இருந்தது, ஏனென்றால் இதற்கு மல்டிபிளையரைத் தொடவே வேண்டாம்.

செய்வது எப்படி, கெடுவது எங்கே

இன்றும் அந்தப் போர்டுகளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். முதலில் போர்டின் சிப்செட்டைப் பாருங்கள், பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு அது. என்ஃபோர்ஸ்2 என்றால் ஏஜிபி (கிராபிக்ஸ் கார்டின் பாதை) 66-லும் பிசிஐ 33-லும் பூட்டிக்கொண்டு நிற்கும், எஃப்எஸ்பியை மட்டும் தனியாக ஏற்றலாம். 200-க்கு என்ஃபோர்ஸ்2 அல்ட்ரா 400 வகைதான் நிம்மதி. விஐஏ கேடி266ஏ, கேடி333 போன்றவற்றில் பூட்டு கிடையாது, வகுத்தல்தான். 133-ல் நாலால் வகுத்து 33 வரும். எஃப்எஸ்பியை 150-க்கு ஏற்றினால் பிசிஐ 37.5 ஆகிவிடும், சைரிக்ஸ் காலத்து அதே எண். பிராசஸர் அசையாமல் ஓடும், ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது மட்டும் சத்தமில்லாமல் கெடும். கணினி உறைந்தால் உடனே தெரிந்துவிடும். கோப்புகள் ஒவ்வொன்றாக நாசமாவது சில வாரம் கழித்துத்தான் தெரியும். ஓவர்க்ளாக்கில், அதாவது சில்லைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது மெமரி. 200 எஃப்எஸ்பிக்கு டிடிஆர்400 வேண்டும். டிடிஆர்333 போட்டிருந்தால் அதையும் சேர்த்தே ஓவர்க்ளாக் செய்கிறீர்கள் என்று அர்த்தம், பிழை வந்தால் யார் காரணம் என்று தெரியாது. மெமரியின் காத்திருப்பு அளவுகளான டைமிங்குகளைத் தளர்த்தி, சிஎல் 3-ல் வைத்துத் தொடங்குங்கள். எஃப்எஸ்பியை ஒரேயடியாக 200-க்குத் தள்ளாமல் 175, 185, 195 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86 என்ற மெமரிச் சோதனை ஒரு முழுச் சுற்று ஓடட்டும். அதில் ஒரு பிழை வந்தாலும் விண்டோஸுக்குள் போகக் கூடாது. அது சுத்தமானால் பிரைம்95 என்ற சுமைச் சோதனை. அதிலுள்ள ஸ்மால் எஃப்எஃப்டி வகை பிராசஸரைச் சூடேற்றிப் பார்க்கும், பிளெண்ட் மெமரியையும் இழுத்துப் பார்க்கும். ஸ்மால் எஃப்எஃப்டி தேறி, பிளெண்டில் விழுந்தால் மெமரியையோ நார்த்பிரிட்ஜையோ (மெமரியைக் கையாளும் சிப்செட் சில்லு) சந்தேகப்படுங்கள். ஸ்மாலிலேயே ரவுண்டிங் பிழை வந்தால் பிராசஸருக்கு வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது சூடு அதிகம். வோல்ட்டேஜை 0.025 வோல்ட் படியாக மட்டும் ஏற்றுங்கள். செலவாகும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 1.65-லேயே 2200 என்றால் 20 சதவீதம் கூடுதல் வெப்பம். அதே 2200-க்கு 1.80 கொடுத்தால் 43 சதவீதம். வேகம் ஒன்றுதான், கூடுதல் வெப்பம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

கூலர் மாட்டும்போது கவனம் தேவை. அத்லான் எக்ஸ்பியின் மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கானே வெளியே தெரியும். பார்ட்டனில் அது சுமார் 101 சதுர மில்லிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் சதுரம். கூலரின் அடியில் ஒரு பக்கம் படிபோல வெட்டியிருக்கும். சாக்கெட்டில் எழுத்துள்ள மேடான பக்கத்தின் மேல்தான் அந்தப் படி வர வேண்டும். திருப்பி மாட்டினால் கூலர் சாய்ந்து நிற்கும், ஒரு மூலை மட்டும் தொடும், சில வினாடிகளில் சில்லு போய்விடும். கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது கூலர் ஒரு பக்கமாகச் சரிந்தால் சிலிக்கானின் மூலை பெயரும். தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும்.

தலைகீழான குறை ஒன்றும் உண்டு, அது பலரையும் வீணாகக் கலங்கடித்திருக்கிறது. பயாஸை ரீசெட் செய்தாலோ போர்டின் பேட்டரி தீர்ந்தாலோ பல போர்டுகள் எஃப்எஸ்பியைப் பாதுகாப்பாக 100-க்கு இறக்கிவிடும். 2500+ அப்போது 1100 மெகாஹெர்ட்ஸில் ஓடும், திரையில் தெரியாத பெயர் ஏதாவது வரும். சில்லு பழுது என்று முடிவுகட்டும் முன் எஃப்எஸ்பியையும், போர்டில் ஜம்பர் இருந்தால் அதையும் பாருங்கள். சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் மல்டிபிளையரும் பஸ்ஸும் தனித்தனியாகத் தெரியும். மல்டிபிளையர் 11 என்றிருந்தால் சில்லில் குறை இல்லை.

அதே கணக்கு, இன்றைய எண்கள்

மெகாஹெர்ட்ஸ் பந்தயத்தை இன்டெலும் கைவிட்டது. குறைந்த வேகத்தில் அதிக வேலை செய்த பென்டியம் எம் அவர்களிடமே இருந்தது. 2004-ல் அவர்களும் மாடல் எண்களுக்கு மாறினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கைவிடப்பட்டது. ஆனால் கிகாஹெர்ட்ஸ் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது: பூஸ்ட். கோர் ஐ9-9900கே-யின் பெட்டியில் 5.0 என்றிருக்கும். அது ஓரிரு கோர்கள் (சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஓடும்போது மட்டும். எட்டும் ஓடினால் 4.7. 95 வாட் என்ற எண் 3.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்துக்குச் சொன்னது. 95-ஐக் கண்டிப்பாகப் பின்பற்றும் போர்டில் 4.7 நீடிக்காது, 4.7-ஐ நீடிக்கவிடும் போர்டில் 95 வாட் நீடிக்காது. ஏஎம்டியின் ரைசன் 9 3900எக்ஸ் வந்த புதிதில் அறிவித்த 4.6-ஐப் பலரது கணினியில் தொடவில்லை. 2019 செப்டம்பரில் பயாஸ் வழியாக அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. லேப்டாப்பில் பெயரே ஏமாற்றும். ரைசன் 5 7520யூ என்றால் 7000 வரிசை, புதிது என்று நினைப்போம். மூன்றாவது இலக்கமான 2 சொல்வதைக் கேளுங்கள்: அது ஜென் 2, 2019-ல் வந்த வடிவமைப்பு. 7540யூ என்றால் ஜென் 4. இடையில் இருப்பது இரண்டு தலைமுறை, வெளியே தெரிவது ஒரே ஒரு இலக்கம்.

ஓவர்க்ளாக்கும் உருமாறிவிட்டது. ஆலையே கடைசிச் சொட்டு வரை பிழிந்து அனுப்பும் காலத்தில், 20 சதவீதம் இலவசமாகக் கிடைப்பது அரிது. இப்போது லாபம் வோல்ட்டேஜைக் குறைப்பதில்தான். கூடக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சான்று. தேவைக்கு மேல் கேட்ட வோல்ட்டேஜால் அவை தளர்ந்துபோய், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சில்லின் உள் நிரல்) வழியாக 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்ட வேண்டி வந்தது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வோல்ட்டேஜ் அமைப்பில் ஒவ்வொரு புள்ளியும் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். எல்லாக் கோரிலும் -30 என்று ஒரே அடியாகப் போடாதீர்கள். முழுச் சுமையில் தேறிவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது இதன் வழக்கம், ஏனென்றால் லேசான சுமையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் என்ற வன்பொருள் பிழைப் பதிவு இருக்கிறதா பாருங்கள், தடுமாறிய கோரின் அடையாளமான ஏபிஐசி எண்ணும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

அங்கேயும் பழைய கேள்வி காத்திருக்கிறது. வோல்ட்டேஜ் குறைவாகிவிட்டால் ரைசன் சில சமயம் பிழையே காட்டாது, கடிகாரத் துடிப்பை உள்ளுக்குள் நீட்டிக்கொள்ளும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருளில் கோர் கிளாக் 4.6 என்று நிற்கும், கீழே எஃபெக்டிவ் கிளாக், அதாவது உண்மையில் ஓடிய வேகம், 4.4 என்றிருக்கும். உங்கள் அன்றாட வேலையில் ஒன்றை, ஒரு வீடியோ மாற்றமோ ஒரு பெரிய கம்பைலோ, குறைந்தது பத்து நிமிடம் ஓடுவதாக எடுத்து, கடிகாரம் வைத்து -30-ல் ஒருமுறையும் -20-ல் ஒருமுறையும் ஓட்டுங்கள். -20-ல் சீக்கிரம் முடிந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள்.